தவ்வையின் ஒப்புரு

காலைக் காபி குடித்த கையோடு பொம்மைக்குச் சாம்பல் பூசுவது நப்பின்னையின் வழக்கம். விளக்குக் கரி, அரிசி மாவு, கல்லின் மினுக்குக்காக அப்ரகத் தூள் மூன்றையும் சலித்துக் கலந்த பொடி அது. தூரிகையில் தொட்டு, ஒரு சாண் உயரப் பொம்மையின் மேல் மூச்சுக்கூடப் படாமல் தூவ வேண்டும். ரெசின் பொம்மை எவ்வளவு நுட்பமாக வார்க்கப்பட்டிருந்தாலும் மூன்று இடங்களில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மூக்கு நுனியில் எண்ணெய் வழிவதுபோல ஒரு பளபளப்பு இருக்கும். காது மடலின் விளிம்பில் ஒளி ஊடுருவி லேசாகச் சிவக்கும். விரல்களுக்கு இடையில் வார்ப்பு அச்சின் கோடு தெரியும். இவற்றை மறைத்துவிட்டால், படத்தில் அந்த ஒரு சாண் பொம்மை ஆறடிக் கல்லாகிவிடும்.

இதுவரை இருபத்திரண்டு பொம்மைகளை அவள் அப்படிக் கல்லாக்கியிருந்தாள். பொம்மை சேகரிப்பவர்கள் தங்கள் அலமாரிக்கு மேல் அவள் எடுத்த படங்களை மாட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் கூடும் சந்தைகளில் அவளை அடையாளம் கண்டு, எந்த லென்ஸ், எத்தனை விளக்கு என்று விசாரிப்பார்கள். அவளும் ஒளிக்காமல் சொல்வாள்.

இருபத்து மூன்றாவதாக வந்தவள் தவ்வை, மூதேவி என்று பின்னாளில் பெயர் வாங்கிய தெய்வம். பல்லவ வரிசையில் நாற்பதாவது பொம்மை. பெருத்த வயிறு, தொங்கும் மார்பு, அகட்டி வைத்த கால்கள். வலப்பக்கம் மாட்டுமுக மகன், இடப்பக்கம் மகள், தலைக்கு மேல் காக்கைக் கொடி. ஒரு காலத்தில் கும்பிட்டவர்களே பிறகு ஆகாதவள் என்று ஒதுக்கிவிட, வந்தவாசிப் பக்கத்து ஏரி ஒன்றில் குப்புறக் கிடந்து, துவைக்கும் கல்லாக இருந்து, கடைசியில் கண்டெடுக்கப்பட்டவள். பொம்மை அவளுடைய கல்லின் ஒவ்வொரு தேய்மானத்தையும் அப்படியே காட்டியது. கல்லை அளந்து பொம்மைக்கு அச்சு எடுக்கும் வருடிக் கருவி மயிரிழையில் பாதியைக்கூட விடாது.

அன்று நப்பின்னை தூரிகையைப் பொடியில் தொட்டாள். பொம்மைக்கு அருகே கொண்டுபோனாள். பிறகு திரும்பக் கிண்ணத்தில் வைத்துவிட்டாள்.

மூன்று மாதங்களாக இப்படித்தான். இருபத்திரண்டாவது சிலையின் படங்களை அனுப்பிய நாளில் தொடங்கியது அது. கல்லின் படமும் பொம்மையின் படமும் கணினித் திரையில் அடுத்தடுத்து இருந்தன. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தவளுக்கு எது எது என்று தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். கடைசியில் கோப்பின் பெயரைப் படித்துத்தான் தெரிந்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாராட்டுவார்கள் என்பதே அவளுக்குப் பயமாக இருந்தது.

விதிப்படி முதலில் கல்லைப் படமெடுக்க வேண்டும். அதே ஒளி, அதே கோணத்தில் பிறகு பொம்மையை எடுக்க வேண்டும். அதனால் அன்று பத்து மணிக்கு அவள் செஞ்சி மலையடிவாரத்தில் இருந்தாள். பாறையைக் குடைந்து கட்டிய காப்பகம் அது. வாசலிலேயே காற்றுக் குப்பி இணைத்த மூச்சுறையை மாட்டிக்கொள்ள வேண்டும். கல்லரி பரவிய பிறகு கல் இருக்கும் இடத்தில் மூச்சுறை இல்லாமல் யாரும் நுழைவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்ணுயிர் மனித மூச்சின் ஈரத்தில் செழித்துக் கருங்கல்லைத் தின்றுவிடும். முதலில் எழுத்துகள் போகும், பிறகு விரல்கள், பிறகு முகம். வெளிக்காற்றில் விட்டால் ஒரு நல்ல சிலைக்கு ஐந்து மாதம்தான். நைட்ரஜன் நிரப்பிய அறைக்குள் வைத்தால் மட்டும் அது செயலற்றுக் கிடக்கும். அப்படிப்பட்ட அறைகள் நாட்டில் மொத்தமே நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. சிலைகளோ பல்லாயிரம்.

அறைக்காப்பாளர் மரியலீலா அவளுக்காகக் காத்திருந்தாள். நப்பின்னையைவிட நாலைந்து வயது இளையவள். பதினோரு வருடங்களாகத் தவ்வையின் அறை அவள் பொறுப்பில்தான் இருந்தது. அழுத்தமானியைப் பார்ப்பது, கதவின் ரப்பர் விளிம்பைச் சோதிப்பது, வாரம் ஒருமுறை கல்லின் எடையைக் குறிப்பது எல்லாம் அவள் வேலை.

“நாப்பது நிமிஷம்க்கா. ஈர மீட்டர் மஞ்சளுக்கு வந்துட்டா, படம் முடிஞ்சாலும் முடியாட்டியும் நான் உங்கள வெளிய கூப்ட்டுக் கதவ மூடிடுவேன்” என்றாள்.

உள்ளே போனதும் நப்பின்னைக்குத் தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மூச்சுறையின் வால்வு ஒவ்வொரு தடவையும் டக்கென்று மூடியது. விளக்குகளை வைத்தாள். ஒவ்வொரு விளக்கின் தூரமும் கோணமும் அறையின் ஒளிப்பதிவேட்டில் தானாகப் பதிவாகிக்கொண்டிருந்தன. கேமராவைத் தாழ இறக்கி, தவ்வையின் முழங்கால் உயரத்திலிருந்து மேலே பார்த்தாள். முகம் என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. மூக்கு தேய்ந்து, உதடுகள் ஒரு நிழலாக மட்டும் நின்றன. வயிறு வழவழவென்று இருந்தது. எத்தனை தலைமுறைத் துணிகளை அதன் மேல் அடித்துத் துவைத்தார்களோ.

இந்த முறையாவது கல்லில் மட்டும் இருக்கிற, பொம்மையில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள். கூர்ந்து கூர்ந்து பார்த்தாள். உளியின் தடம், கருங்கல்லின் மினுக்கும் பொறிகள், கழுத்து மடிப்பில் தங்கிய ஏரிச் சேறு, எல்லாமே பொம்மையிலும் இருந்தன. ஒன்றுகூட விடுபடவில்லை. முப்பத்தாறாவது நிமிடத்தில் அவள் பொத்தானை அழுத்தினாள். கல்லில் மறைத்து எடுக்க எதுவும் இல்லை. அது எப்படி இருந்ததோ அப்படியே எடுத்தாள்.

வெளியே வந்ததும், உபகரணங்களை வண்டியில் ஏற்றும்போது, லீலா பின்கட்டைக் காட்டினாள். தார்ப்பாய் போர்த்திய கற்கள் வரிசையாகக் கிடந்தன. அறை கிடைக்கும்வரை காத்திருப்பவை. முதலாவது ஒரு நடுகல். சாய்ந்து விழும் ஒருவன், அவனைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு பெண், கீழே மூன்று வரி எழுத்து. வருடிக் கருவிக்குள் வைக்க வேண்டுமானால் முதலில் மூன்று வாரம் நைட்ரஜனில் கிடந்து கல்லரி அடங்க வேண்டும். அதற்கு அறை வேண்டும். அறை காலியாக வேண்டுமென்றால் உள்ளே இருப்பது விடுவிக்கப்பட வேண்டும்.

“தவ்வை பாஸ் ஆயிட்டாங்கன்னா அடுத்து இதுதான் உள்ள வரும்” என்றாள் லீலா. குரலில் மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை.

பாஸ் ஆவது என்றால் இதுதான். குலுக்கலில் தேர்ந்தெடுத்த நூறு பொதுமக்களுக்கு இரண்டு படங்களையும் பெயரில்லாமல் காட்டுவார்கள். எது கல் என்று அவர்கள் சொல்ல வேண்டும். பாதிப் பேருக்கு மேல் தவறாகச் சொல்லிவிட்டால் பொம்மை ஒப்புரு என்று சான்று பெறும். ஒரு சிலைக்கு ஒப்புரு கிடைத்துவிட்டால், அந்தச் சிலை உலகில் பத்திரமாக இருக்கிறது என்றுதான் சட்டம் கொள்ளும். பிறகு மூலக்கல் அறையைவிட்டு வெளியேறும். திறந்த முற்றத்தில் வைப்பார்கள். அத்தோடு சரி.

இது ஒன்றும் ரகசியமல்ல. பள்ளிப் பாடத்தில் இருந்தது. நப்பின்னையும் அதை மனதார நம்பியவள்தான். தன் ஒவ்வொரு படமும் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் ஒரு கல்லுக்கு அறை வாங்கித் தருகிறது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறாள். அவள் படமெடுத்த இருபத்திரண்டும் பாஸ் ஆகியிருந்தன. இருபத்திரண்டு கற்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் அவள் பொம்மையை மேசையில் வைத்தாள். வழக்கமாக இந்த வேலைக்கு ஒரு வாரம் பிடிக்கும். சின்னப் பொருளை அருகிலிருந்து எடுத்தால் முன்பக்கம் மட்டும் தெளிந்து பின்பக்கம் மங்கும். அந்த மங்கலே இது சிறியது என்று சொல்லிவிடும். அதனால் அறுபது எழுபது படங்கள் எடுத்து, தெளிந்த பகுதிகளை மட்டும் சேர்த்து ஒன்றாக்குவாள். விளக்குகளுக்குப் பதில் ஊசி முனை அளவு ஒளிமணிகளை வைப்பாள். பிறகு சாம்பல். ‘பொம்மையின் தரப்பில் தன் முழுத் திறமையையும் காட்டுவேன்’ என்பது உரிமம் வாங்கும்போது அவள் கையெழுத்திட்ட உறுதிமொழி.

அன்று அவள் சாம்பல் பூசவில்லை. வார்ப்புக் கோட்டைத் தேய்க்கவில்லை. ஒரே ஒரு படம் எடுத்தாள். பின்னாலிருந்து வந்த ஒளி தவ்வையின் காது மடலுக்குள் புகுந்து லேசான செந்நிறமாகக் கசிந்தது. மூக்கு நுனி பளபளத்தது. மகளின் கால்கள் மங்கிப் போயிருந்தன. சின்னப் பிள்ளைகூட இதைப் பொம்மை என்று சொல்லிவிடும். தவ்வைக்கு அறை நிலைக்கும். நடுகல்லைப் பற்றி நினைக்காமல் இருக்க அவள் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.

படங்களை அனுப்பிய பிறகு பத்து நாட்கள், தொலைபேசி ஒலித்தால் சான்று தரும் ஒப்புமை அலுவலகம்தான் என்று நினைத்தாள். மேசை ஒளிமணிகளின் பதிவேட்டை யாராவது திறந்து பார்த்தால் ஒரே ஒரு படம்தான் எடுத்திருக்கிறாள் என்பது தெரிந்துவிடும். உரிமம் போகும். அதைவிட, முந்தைய இருபத்திரண்டையும் ஏன் இப்படி எடுக்கவில்லை என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

நூற்றுவர் பார்வை சென்னையில், ஒரு பழைய திரையரங்கில் நடந்தது. படமெடுத்தவர் பின் வரிசையில் உட்காரலாம், பேசக் கூடாது. விளக்கணைந்து இரண்டு தவ்வைகளும் திரையில் பெரிதாகத் தோன்றியபோது நப்பின்னைக்கு நிம்மதியாக இருந்தது. வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. இடப்பக்கம் கல், வலப்பக்கம் பொம்மை. குருடருக்கும் தெரியும் என்று தோன்றியது. நூறு பேரும் இருக்கையில் இருந்த பொத்தானை அழுத்தினார்கள். யாரும் தயங்கவில்லை. ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

ஒப்புமை அலுவலர் பூவராகன் முடிவை அவளிடம் தன் அலுவலக அறையில் வைத்துச் சொன்னார். தொண்ணூற்று மூன்று பேர் பொம்மையைக் கல் என்று காட்டியிருந்தார்கள். இதுவரை யாருக்கும் கிடைக்காத எண்ணிக்கை என்று கை கொடுத்தார்.

அவள் கையைக் கொடுத்தாள். எதற்காக அப்படிச் சொன்னார்கள் என்று கேட்டாள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் நூற்றுவருக்கு இல்லை. ஆனால் விரும்பியவர்கள் எழுதலாம். பூவராகன் தாளைப் புரட்டிப் படித்துக் காட்டினார். ஒருவர், இடப்பக்கப் படம் ஏதோ மலிவான நகல் போல முகமில்லாமல் செத்துக் கிடக்கிறது என்று எழுதியிருந்தார். இன்னொருவர், தன் வீட்டு அலமாரியில் இருக்கும் சிலைகள் எல்லாம் வலப்பக்கப் படம் போலத்தான் மின்னும் என்று எழுதியிருந்தார். பலரும் காதைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

“இதப் பாருங்க மேடம், இது நல்லா இருக்கு. ‘அந்தக் காதுல ரத்தம் ஓடுற மாதிரி இருந்துச்சு. பழைய சிற்பிங்களாலதான் அப்படிச் செய்ய முடியும்.’”

அவர் சிரித்தார். அந்த நூறு பேரில் ஒருவர்கூட மூச்சுறை மாட்டிக்கொண்டு ஒரு கல்லின் முன் நின்றவரில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் பிறந்ததிலிருந்து பொம்மைகளையும், பொம்மைகளின் படங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தப் படங்களில் பல அவள் எடுத்தவை. கல் எப்படி இருக்கும் என்று இத்தனை வருடமாக அவர்களுக்குச் சொல்லித் தந்தவளே அவள்தான்.

ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம் இருந்தது. உறுதிமொழியை மீறினேன், பொம்மையை முழுத் திறமையோடு எடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் பார்வை செல்லாததாகிவிடும். தவ்வைக்கு இன்னும் ஒரு வருடம் அறை கிடைக்கும். அவளுடைய உரிமம் போய்விடும். அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. நாலாம் நாள் கடிதத்தை எழுதி முடித்தாள். அனுப்பும் முன் லீலாவை அழைத்தாள். எதற்கு அழைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தான் செய்ததை முழுதும் சொன்னாள்.

லீலா கோபித்துக்கொள்வாள் என்று நப்பின்னை நினைத்தாள்.

“அந்த நடுகல்லுல மூணு வரி இருந்துச்சில்லக்கா” என்றாள் லீலா. “நேத்து தார்ப்பாய எடுத்துப் பாத்தேன். இப்ப ரெண்டுதான் இருக்கு.”

“என்ன எழுதியிருந்துச்சு?”

“யாரும் படிக்கல. படிக்கறவங்க வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு.”

மிச்சமிருந்த மூன்று நாளும் நப்பின்னை அந்தக் கடிதத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். தவ்வைக்குப் பொம்மை இருக்கிறது. ஆயிரக்கணக்கான வீடுகளில் அவள் ஒரு சாண் உயரத்துக்கு உட்கார்ந்திருப்பாள். விழுகிறவனைத் தாங்கும் அந்தப் பெண்ணுக்கு எதுவும் இல்லை. கணக்கு இப்படித் தெளிவாக இருந்தும் அவளால் கடிதத்தை அழிக்க முடியவில்லை. ஏழாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அவகாசம் முடிந்தது. கடிதம் அவளிடமே இருந்தது.

விடுவிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. காப்பகத்துக்கு வெளியே, பாறைகளுக்கு நடுவே வேலியிட்ட மைதானம்தான் திறந்த முற்றம். முன்பு விடுவித்தவை அங்கங்கே மேடுகளாகக் கிடந்தன. எது எந்தச் சிலை என்று சொல்ல முடியாது. தவ்வையைக் கிரேனில் தூக்கி வந்து மரச்சட்டத்தின் மேல் அமர்த்தினார்கள். லீலா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நப்பின்னைக்குப் பக்கத்தில் நின்றாள். விடுவித்த கல்லின் அருகே மூச்சுறை தேவையில்லை என்று பலகை வைத்திருந்தார்கள். இருவருக்கும் அதைக் கழற்ற மனம் வரவில்லை.

அப்போது வேலிக் கதவருகே ஒருவர் தயங்கி நிற்பதைப் பார்த்தார்கள். ஐம்பது வயதிருக்கும். கையில் பேருந்துச் சீட்டை இன்னும் பிடித்திருந்தார். தன் பெயர் தணிகாசலம் என்றும், அம்பத்தூரில் லிஃப்ட் பழுது பார்ப்பவர் என்றும் சொன்னார். நூற்றுவரில் அவர் அறுபத்தோராவது ஆள்.

“நான் பொம்மையத்தான் கல்லுன்னு காட்டினேன். வெளிய வந்த பிறகுதான் சொன்னாங்க” என்றார். “அதான், எதத் தப்பாச் சொன்னோம்னு ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

படமெடுத்தது தான்தான் என்று நப்பின்னை சொன்னாள். அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கும்பிட்டார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

தணிகாசலம் தவ்வையைச் சுற்றி வந்தார். பணிவான ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது. விருந்துக்குப் போன இடத்தில் சமையல் பிடிக்காதவரைப் போல மெல்லத் தலையாட்டினார். முகமே தெரியவில்லையே என்றார். பொம்மையில் இன்னும் நன்றாக இருந்தது என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு கிட்டே போய் நின்றார்.

“தொட்டா தேஞ்சிடுமா?”

“தேயும்” என்றாள் லீலா.

“அப்ப தொடக் கூடாதா?”

லீலா நப்பின்னையைப் பார்த்தாள். இத்தனை சிலைகளில் யாரும் நப்பின்னையிடம் இப்படிக் கேட்டதில்லை.

அவர் வலது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தவ்வையின் வயிற்றில் வைத்தார். பொம்மையில் அந்த இடம் ஒரு விரல் நுனிக்குள் அடங்கிவிடும். இங்கே ஐந்து விரல்களையும் விரித்தும் பாதிகூட மூடவில்லை. காலையிலிருந்து வெயிலில் இருந்த கல். அவருடைய தோள்கள் மெல்லத் தளர்ந்தன. லிஃப்டின் இரும்புக் கயிறு எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று கைவைத்தே அறிந்தவரின் முகம் அது. அவர் கண்களை மூடிக்கொண்டு எதையோ கேட்பதுபோல நின்றார்.

“உள்ள எவ்ளோ கனம் இருக்கு” என்றார்.

விரல்களுக்குக் கீழிருந்து சாம்பல் நிறத் தூள் கொஞ்சம் உதிர்ந்து மரச்சட்டத்தில் விழுந்தது. காவலர் வந்து, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்றார். அவர் நகரவில்லை.

“மேடம், அந்த ரெண்டு படத்தையும் மறுபடி எனக்குக் காட்டுவாங்களா? இப்பக் காட்டினா சரியாச் சொல்லிடுவேன்.”

ஒருமுறைதான் காட்டுவார்கள் என்று நப்பின்னை சொன்னாள். மூச்சுறைக்குள் அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் புரிந்ததுபோலத் தலையசைத்தார். கையை மட்டும் எடுக்கவில்லை.